பூசைத் தட்டில் இருந்த உன் இரும்புச் சாமான்

தம்பி,

நேற்று உன் மருமகள், நம் பாப்பா, தன் வேலைக் கந்தோர் ஆட்களோடு சுற்றுலா போய்விட்டு வந்தாள். வந்ததும் வராததுமாக ஒரு சிலிசிலிப் பொலித்தீன் பையை என் மடியில் போட்டு, ஊற வைக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். உள்ளே அவளுடைய வெள்ளை டீசேர்ட். முதுகிலும் தோளிலும் வயிற்றிலும் மஞ்சள் மஞ்சளாகத் திட்டு. கறி கொட்டிக்கொண்டாளோ என்று முகர்ந்து பார்த்தேன். எண்ணெயும் இனிப்பும் கலந்த ஒரு வாடை. இந்த வாடை எனக்குத் தெரியும். குளியலறைக் கதவைத் தட்டி, எங்கேடி போனீர்கள் என்று கேட்டேன்.

துப்பாக்கி விளையாட்டாம். காசு கட்டி, ஆமிக்காரர் மாதிரி உடுப்பு மாட்டி, மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஒருவரை ஒருவர் சாயக் குண்டால் சுடுவார்களாம். இவளை நான்கு பேர் சுற்றி வளைத்தார்களாம். கையைத் தூக்கு என்று கத்தினார்களாம். இவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாளாம். தலை துவட்டிக்கொண்டே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? அன்றைக்கு அவள் பாலர் வகுப்புப் பிள்ளை. அவளுக்கு உன்னைப் பற்றி ஞாபகம் இருப்பது சொக்லட் பெட்டி மட்டும்தான்.

சட்டையை அலசினேன். தண்ணீர் பட்டதும் சாயம் போய்விட்டது. தண்ணியில போயிரும்க்கா, கறையே பிடிக்காது என்று அன்றைக்கு நீ சொன்னாய், அது சரிதான். ஆனால் எனக்கு வந்த கோபம் போகவில்லை. பகல் சாப்பாடும் இறங்கவில்லை. தைக்க உட்கார்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருந்தது. கோபத்தை இறக்கி வைக்க எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரர், உன் மச்சான், காது கேட்காத மாதிரி லொறியைக் கழுவப் போய்விடுவார். அதனால் உனக்கு எழுதுகிறேன். வாசிக்க நீ இல்லை என்பதற்காக ஒரு வார்த்தையும் குறைக்கப் போவதில்லை.

அம்மா போனபோது நீ நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய். உக்குவளைக்கு மேலே தோட்டத்தில் அப்பா மிளகும் கொக்கோவும் பார்த்துக்கொண்டிருந்தார், நான் உன்னைப் பார்த்துக்கொண்டேன். கல்யாணம் முடித்து மாத்தளை டவுனுக்கு நான் வந்தபோது சீர்வரிசைச் சாமானோடு நீயும் வந்து இறங்கினாய். அண்டா குண்டாவெல்லாம் ஒரு மூலையில் சும்மா இருந்தன. நீ மட்டும்தான் ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை. வந்த வாரத்திலேயே என் தையல் மெஷினைக் கழற்றிப் பாயில் பரப்பிவிட்டாய். நான் விளக்குமாற்றை எடுத்தேன். நீ அசையாமல் சொன்னாய், "சத்தம் வருதுக்கா. சத்தம் வந்தா எங்கயோ உரசுதுன்னு அர்த்தம்." பூட்டி முடித்தபோது மெஷின் பூனை நடக்கிற மாதிரி ஓடியது. உனக்குக் கண்ணை விடக் காதுதான் கூர்மை. கழற்றுகிறபோது யாராவது கூப்பிட்டால் மட்டும் அந்தக் காது கேட்காது.

டுபாய்க்குப் போனாய். ஹோட்டல் வேலை என்று ஏஜென்ட் சொன்னான். போன பிறகு பார்த்தால், பாலைவனத்து ஓரத்தில் ஒரு விளையாட்டு மைதானம். இங்கே மனிதர்கள் நிஜமாகவே சுட்டுக்கொண்டு சாக, அங்கே பணக்காரப் பிள்ளைகள் சாயத்தைச் சுட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள் என்று போனில் சொன்னாய். அந்தத் துப்பாக்கிகளைத் திருத்துவது உன் வேலை. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. இருந்தாலும் நீ அங்கே இருக்கிறாய், இங்கே இல்லை என்ற நிம்மதியில் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த லீவுக்கு நீ வந்தது ஆகாத காலம். சமாதானப் பேச்சு முறிந்து மறுபடியும் சண்டை தொடங்கியிருந்தது. கண்டிக்குப் போகிற பஸ்ஸை வழியில் நிறுத்தி இறக்குவார்கள், அடையாள அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளை மட்டும் ஒரு பக்கமாக நிற்கச் சொல்வார்கள். வடக்கே நடக்கிற சண்டைக்கும் மிளகுத் தோட்டத்துப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஆள் இல்லை. எனக்கு இருந்தது ஒரே கவலை. லீவு முடிந்ததும் உன்னைப் பத்திரமாகப் பிளேன் ஏற்றிவிட வேண்டும். திரும்பிப் போனால் திருத்துகிற பட்டறைக்கே உன்னைப் பொறுப்பாகப் போடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். போய்ச் சேர்ந்துவிட்டால் நீ தப்பிவிடுவாய். எனக்கு அது போதும். நேர்த்தி வைத்து அம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகப் போனேன்.

நீ பெட்டியைத் திறந்தாய். போர்வை, வாசனைப் போத்தல், சொக்லட். பிறகு ஒரு காலுறையை உதறினாய், இரும்புத் துண்டுகள் விழுந்தன. குழாய் மாதிரி ஒன்று, உருளை மாதிரி ஒன்று, ஸ்பிரிங், கொக்கி மாதிரி ஒன்று.

"துப்பாக்கிச் சாமானாடா?"

"துப்பாக்கின்னு சொல்லாதீங்கக்கா. அங்க மொதலாளி கேட்டா ஏசுவாரு. மார்க்கர்னு சொல்லணும்."

மார்க்கர் என்றால் எனக்குத் துணியில் கோடு போடுகிற சோக்குக்கட்டிதான் என்றேன். நீ சிரித்தாய். மேல் உடம்பு வெடித்துக் குப்பைக்குப் போன ஒன்றின் உள் சாமானை மட்டும் கேட்டு வாங்கி வந்திருந்தாய். தொழிற்சாலையில் கடைந்த கோடுகள் அதில் அப்படியே இருக்கிறதாம், அந்தக் கோடுகள் உரசுவதால்தான் சுடும்போது இழுத்துப் பிடிக்கிறதாம், குண்டு உள்ளேயே உடைகிறதாம். கண்ணாடி மாதிரித் தேய்த்துவிட்டால் புதுசை விட நன்றாக ஓடுமாம். அங்கே நேரம் கிடைக்காது, வீட்டில் ஆறுதலாகத் தேய்த்துக்கொண்டு போய் முதலாளிக்குக் காட்ட வேண்டுமாம். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்வதற்கு என் தம்பி டுபாய் வரைக்கும் போயிருக்கிறான்.

தடுத்தேனா? தடுத்தேன். கேட்டாயா? என் வெட்டு மேசையில்தான் உட்கார்ந்தாய். தேநீர்ச் சோசரில் தண்ணீர் ஊற்றி எமரிப் பேப்பரை ஊறப் போட்டாய். ஒரு பென்சிலில் அதைச் சுற்றிக் குழாய்க்குள் விட்டு, முன்னும் பின்னுமாக, ஒரே பக்கமாக இல்லாமல் திருப்பித் திருப்பித் தேய்த்தாய். முரட்டுப் பேப்பர் முடிந்து நைசுப் பேப்பர், அது முடிந்து பித்தளை பாலிஷ், பிறகு மச்சானின் பழைய பெனியன், கடைசியில் என் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு. உருளையைக் குழாயில் போட்டுச் சரித்துப் பார்ப்பாய். அது வழுக்கி விழுகிறபோது காதைக் கொடுத்துக் கேட்பாய். சத்தம் வந்தால் மறுபடியும் முதலில் இருந்து. ஆனால் அந்தக் கொக்கியின் விளிம்பை மட்டும் நீ தேய்க்கவில்லை, துடைத்து வைத்தாய். உன் கறுப்புக் கையோடு எழும்பி, ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் துணியில் ஐந்து விரலையும் பதித்தாயே, அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் பெண்ணின் தாயிடம் நான் அசடு வழிந்து நின்றபோதும் நீ உள்ளே உருளையைச் சரித்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

பாப்பாவுக்கு விளையாட என்று ஒரு டப்பா நிறையச் சாயக் குண்டும் கொண்டு வந்திருந்தாய். கோலிக்குண்டு அளவு, மஞ்சள் நிறம். நம் ஊர்ப் புழுக்கத்தில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதைப் பிரிட்ஜில் இரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாய்.

அப்புறம் சரஸ்வதி பூசை வந்தது. எல்லா வருஷமும் போல மெஷினைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் படத்துக்கு முன்னால் வைத்தேன். உன் மச்சான் லொறிச் சாவியை வைத்தார். பாப்பா பள்ளிக்கூடக் கொப்பியை வைத்தாள். நீ ஒரு தட்டில் வாழையிலை விரித்து, உன் இரும்புச் சாமானை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் தொட்டு வைத்தாய். விளக்கு வெளிச்சத்தில் அது நகைக்கடையில் இருக்கிற மாதிரி மின்னியது. பக்கத்து வீடுகளில் இருந்து கடலைக்கும் அவலுக்கும் வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். என்னது தம்பி என்று கேட்டார்கள். நீ ஆள் ஆளாக விளக்கம் சொன்னாய்.

ஆட்கள் போனதும் நான் தட்டைத் தூக்கப் போனேன். முதல் நாள்தான் மேல் தெருவில் வீடு வீடாகச் சோதனை போட்டிருந்தார்கள். எடுத்து அரிசிப் பானைக்குள் போடுகிறேன் என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"பூசையில வச்ச சாமான மறுபூசைக்கு முன்னால எடுக்கக் கூடாதுக்கா. எடுத்தா தொழில் போயிரும்."

உனக்கு இதைச் சொல்லித் தந்தவள் நான்தான். நீ சின்ன வயதில் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது சொல்லி வைத்தது. ஊரில் எல்லோரும் கடைப்பிடிப்பதுதான். பூசை வைத்த நாளில் புத்தகம் தொட மாட்டோம், கருவி தொட மாட்டோம், காலையில் மறுபடியும் கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுப்போம். இருந்தாலும் ஊர் எரிகிற நேரத்தில் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளும்? தொழில் போய்விடும் என்று பயந்தாய். எது போனது என்று இப்போது சொல்.

விடிந்தும் விடியாமலும் வந்தார்கள். பொலிஸும் ஆமியும் சேர்ந்து. உன் மச்சான் நாவுலவுக்கு மரக்கறி ஏற்றப் போயிருந்தார். நான் கற்பூரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். முன்னறையில் கால் வைத்த ஆமிக்காரனுக்கு வேறு எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. படத்துக்கு முன்னால் பூவும் குங்குமமுமாகத் தட்டு இருந்தது. இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். நீ வாய் செத்தவனாக நின்றிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன், மெஷின் சாமான் என்றாவது சொல்லியிருப்பேன். நீ முந்திக்கொண்டாய். இது சுத்தியல், இது போல்ட், இது இழுத்துப் பிடிக்கிற கொக்கி என்று ஒவ்வொன்றாகக் காட்டி, எப்படித் தேய்த்தாய் என்பதையும் சொன்னாய். சுட வந்தவனுக்கே சுடுகிற பாடம். முழுசாக ஒரு விளையாட்டுத் துப்பாக்கி இருந்திருந்தால் அதன் பிளாஸ்டிக்கைப் பார்த்தாவது சிரித்திருப்பார்கள். உள் சாமானை மட்டும் பார்க்கிறவனுக்கு அது எந்தத் துப்பாக்கியின் வயிறு என்று எப்படித் தெரியும்? தட்டை அப்படியே பூவோடு தூக்கிக்கொண்டு, உன்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். முந்தின நாள் என் வீட்டுக் கடலையை மென்றவர்களில் ஒருவர் கூட யன்னலைத் திறந்து பார்க்கவில்லை. அவர்கள் பயம் எனக்கு விளங்குகிறது. விளங்கினாலும் மன்னிக்க மனம் வரவில்லை, அது வேறு விஷயம்.

ஸ்டேசனுக்கு நான் சோற்றுப் பார்சலோடு நடந்த நடையைப் பற்றி உனக்குத் தெரியாது. அங்கே ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார். வயதானவர், தூக்கம் கெட்ட முகம். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதுவும் எனக்கு ஒரு எரிச்சல்தான். கெட்டவராக இருந்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இது விளையாட்டுச் சாமான், சாயம் சுடுகிறது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எத்தனை விதமாகச் சொல்லியும் அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். டுபாய் முதலாளிக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. உன் லீவோ கரைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பிரிட்ஜில் இருந்த டப்பா ஞாபகம் வந்தது. ஒட்டாமல் உருண்டையாக இருந்த ஒன்றைத் தேடி எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் சோதித்த பொம்பிளைப் பொலிஸ் அதை இனிப்பு என்று நினைத்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் மேசைக்கு முன்னால் நின்றேன். இதைத்தான் அது சுடும், மாத்தயா என்று சிங்களத்தில் சொல்லி, குண்டை அவர் பைல்களுக்கு நடுவில் வைத்து உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தேன். அவருடைய கன்னம் வரைக்கும் மஞ்சள் தெறித்தது. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். எனக்கு உயிர் போய் வந்தது. அவர் விரலால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், மூக்கில் வைத்துப் பார்த்தார், பிறகு சிரித்தார் தம்பி. வாய்விட்டுச் சிரித்தார். இதையா பெரிய மனிதர்கள் விளையாடுகிறார்கள் என்று கேட்டார். தண்ணீரில் போய்விடும் என்றேன். ஈரத்துணி கொண்டுவரச் சொல்லி மேசையைத் துடைத்துப் பார்த்தார், போய்விட்டது. பின்னேரம் வாக்குமூலத்தை டைப் அடித்து முடித்ததும் கையெழுத்து வைத்துவிட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போ என்றார்.

நான் வெளி விறாந்தையில் கிடந்த மர வாங்கில் வந்து உட்கார்ந்தேன். அவ்வளவு சந்தோஷம் என் பிள்ளை பிறந்தபோது கூட எனக்கு வந்ததில்லை. நேரே திறந்த கதவு. உள்ளே உன்னைக் கொண்டுவந்து நிலத்தில் உட்கார வைத்திருந்தார்கள். உன் பக்கத்துக் கதிரையில் ஒரு இளம் கான்ஸ்டபிள், உன்னை விடச் சின்னவன், மடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அதன் விசையை நோண்டிக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு மணி நேரத்தில் வீட்டில் சாம்பார் வைக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, நீ அவன் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னாய். அவன் முதலில் முறைத்தான். நீ மறுபடியும் சொன்னாய். அவன் சிரித்தான். தோட்டாப் பெட்டியைக் கழற்றினான், பேப்பரை விரித்தான், துப்பாக்கியைத் திறந்தான். நீ அதிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, பெருவிரலால் தடவிக் காட்டினாய். நான் வெளியில் இருந்து வாயில் விரலை வைத்துக் காட்டினேன், கையை ஆட்டினேன், செருமினேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

அடித்து முடித்த தாளோடு இன்ஸ்பெக்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் பார்த்தது என்ன? பொலிஸ் துப்பாக்கி பேப்பரில் பிரித்துக் கிடக்கிறது, அதன் துண்டு உன் கையில் இருக்கிறது. கான்ஸ்டபிள் துள்ளி எழும்பி, அவன்தான் கேட்டான் சேர் என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்ஸ்பெக்டர் கத்தவில்லை. கதவுக்கு வந்து என்னைப் பார்த்துத்தான் கேட்டார், மெதுவாக.

"பொம்மை திருத்துறவனுக்கு இது எப்படித் தெரியும்?"

இருக்கிற துப்பாக்கி எல்லாம் உள்ளே ஒரே மாதிரித்தான் என்று அவருக்கு நான் சொல்லவா? கையில் இருந்த தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கே உன்னை வேறு இடத்துக்கு ஜீப்பில் ஏற்றினார்கள்.

பிறகு ஒரு வருஷத்துக்கு மேலே. எந்தெந்த முகாம், எந்தெந்தச் சிறை என்று இங்கே எழுதினால் எனக்கு இரத்தம் கொதிக்கும், கை ஓடாது. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. எதற்குப் பிடித்தோம் என்று சொல்லாதவர்கள் எதற்கு விடுகிறோம் என்றும் சொல்லாமல் ஒரு நாள் விட்டுவிட்டார்கள். விசா செத்துப்போயிருந்தது. உன் இடத்தில் வேறு யாரோ ஒரு பையன் பட்டறைப் பொறுப்பில் இருந்தான். உன் வலது கை விரல் இரண்டு மடங்கவில்லை. என்னடா செய்தார்கள் என்று கேட்டால், சோறு நல்லா இருக்குக்கா என்று சொன்னாய்.

நான் உன்னை விட்டேனா? சோற்றைப் போட்டுக்கொண்டே ஏசினேன், துணியை மடித்துக்கொண்டே ஏசினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று எத்தனை தரம் சொன்னேனோ. ஒரு மணி நேரம் அந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் டுபாயில் இருந்திருப்பாய் என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் சொன்னேன். நீ தலையைக் குனிந்து சாப்பிட்டாய். ஒரு நாள் நிமிர்ந்து, அந்தப் பொடியனுக்கு வேலை போயிருக்குமாக்கா என்று கேட்டாய். தன் தோலைக் காப்பாற்ற உன்னைக் காட்டிக் கொடுத்தவனுக்கு வேலை போனதா என்று கவலை. அன்றைக்கு அகப்பையை வீசினேன். குறி தப்பி மச்சான் காலில் பட்டது. நீ சிரித்தாய், அது எனக்கு இன்னும் ஏறியது. யார் மேலேயாவது ஒரு தரம், ஒரே ஒரு தரம் கோபப்பட்டாயா நீ?

டவுனில் யாரும் வேலை தரவில்லை. மச்சானுக்குத் தெரிந்த ஒருவரின் வயலில் வேலை செய்ய நாவுலவுக்குப் போனாய். இரும்பு தொட்ட கையில் சேறு. மடங்காத விரலில் வெட்டுக் காயம் ஆறவே இல்லை. அந்தக் காயத்தோடுதான் தண்ணீரில் நின்றாய். காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன், வாசலில் அடையாள அட்டை பார்ப்பாங்க, நாளைக்குப் போவோம் என்றாய். நாளைக்கு நாளைக்கு என்று கண் மஞ்சளாகும் வரைக்கும் இழுத்தாய். மச்சான் உன்னைத் தூக்கி லொறியில் போட்டுக்கொண்டு போனார். எலிக்காய்ச்சல், சிறுநீரகம் பழுதாகிவிட்டது, பிந்திவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். வாசலில் யாரும் உன் அட்டையைக் கேட்கவே இல்லை.

பின்னேரம் பார்வையாளர் நேரம். வார்டு முழுக்கச் சனம். நான் உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டே வழக்கம் போலத் தொடங்கினேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்று. அன்றைக்குத்தான் நீ முதல் முதலாக என்னை நிறுத்தினாய்.

"அக்கா, அந்தப் பொடியன் கையில இருந்ததோட கொக்கி தேஞ்சிருந்திச்சி. அவன் நோண்டுறப்ப சத்தத்துலயே தெரிஞ்சிச்சி. அது தானா வழுக்கி வெடிச்சிரும். உள்ள தோட்டா இருந்திச்சி. அதோட வாய் வாசல் பக்கம். நேரா நீங்க உக்காந்திருந்தீங்க."

கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தேன். இதை ஏன்டா இத்தனை நாளும் சொல்லவில்லை, இத்தனை ஏச்சு ஏசினேனே என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாய்.

"சொல்லியிருந்தா ஏச மாட்டீங்க, அழுவீங்க. நீங்க ஏசினா எனக்குப் பழக்கம். அழுதா தாங்க ஏலாதுக்கா."

அடுத்த நாள் நீ இல்லை. செத்த வீட்டில் நான் அழவில்லை. வளர்த்தவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையே, கல்நெஞ்சுக்காரி என்று சனம் என் காது படவே பேசியது. பேசிவிட்டுப் போகட்டும். பிறகு சண்டை முடிந்து தெருவில் வெடி கொளுத்தினார்கள், அன்றைக்கும் அழவில்லை. அழுகை வரப் பார்க்கிறபோதெல்லாம் உன்னை ஒரு வார்த்தை ஏசுவேன், அடங்கிவிடும். இத்தனை வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறேன். நேற்றும் ஓட்டினேன்.

மடையா, பொலிஸ்காரன் துப்பாக்கியைத் திருத்த வேண்டும் என்று உன்னிடம் யாரடா கேட்டது? எழும்பி அந்தப் பக்கம் போய் உக்காருங்கக்கா என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் நகர்ந்து உட்கார்ந்திருப்பேனே.